ஊட்டி – கூடலூர் காலைக் குளிர்: ஹிமாலயனில் ஹீட்டட் கிரிப் போடலாமா?

தலைக்குந்தா_பனி

வணக்கம். வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, பிஎஸ்6. வீடு தலைக்குந்தா பக்கம், வேலை கூடலூரில். காலை ஷிஃப்ட் என்றால் விடிவதற்கு முன்பே கிளம்பியாக வேண்டும். டிசம்பர், ஜனவரியில் அந்த நேரத்துக்கு சீட்டின் மேல் படிந்திருக்கும் உறைபனியைச் சுரண்டிவிட்டுத்தான் உட்காரவே முடியும். பைக்காரா வருவதற்குள் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மரத்துவிடுகின்றன. அதன் பிறகு பிரேக் லீவரை எவ்வளவு அழுத்துகிறேன் என்பது கைக்குத் தெரிவதில்லை, வண்டி குறைவதைப் பார்த்துத்தான் தெரிகிறது. நடுவட்டத்துக்கு அப்புறம் முழுக்க இறக்கம், வளைவுக்கு மேல் வளைவு. இந்த விரல்களோடு இறங்குவது சரியில்லை.

இப்போது போடுவது தோல் கையுறை, உள்ளே மெல்லிய கம்பளி. ஹேண்ட்கார்டு மாட்டியிருக்கிறேன். ஹீட்டட் கிரிப் (மின்சாரத்தில் சூடாகும் கைப்பிடி) பற்றி நிறைய வீடியோ பார்த்தேன், எல்லாமே வெளிநாட்டுப் பெரிய வண்டிகள். நம்ம 411-இன் பேட்டரி தாங்குமா? கூடுதலாக இரண்டு எல்ஈடி ஃபாக் லைட் வேறு போட்டிருக்கிறேன். சர்வீஸ் சென்டரில் கேட்டால் "வயரிங்கில் கை வைத்தால் வாரண்டி போயிடும் சார்" என்பதோடு முடித்துக்கொண்டார்கள்.

சென்னை_வெயில்

எங்கள் ஊரில் மே மாசம் வெயிலில் நிறுத்திய வண்டியை எடுத்துப் பாருங்கள். ஹீட்டட் கிரிப், ஹீட்டட் சீட், ஹீட்டட் டேங்க் எல்லாம் இலவசம்.

சும்மா சொன்னேன். இழையைப் பின்தொடர்கிறேன், விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கோத்தகிரி_ரைடர்

சிரிப்பு இருக்கட்டும். நீலகிரிக் குளிரை வெறும் டிகிரியில் கணக்குப் போடக் கூடாது. காற்றுக் குளிர்ச்சிக் கணக்குப்படி வெளியே 5 டிகிரி இருக்கும்போது 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 2 மாதிரி. வெளியே 0 என்றால் மைனஸ் 9 மாதிரி. அதனால் முதலில் காற்றை நிறுத்துங்கள், அப்புறம் சூட்டைப் பற்றிப் பேசலாம்.

ஹேண்ட்கார்டு என்கிறீர்கள். எந்த மாதிரி? கல், கிளை படாமல் இருக்க வருகிற ஒல்லிக் கம்பி மாதிரியா, அகலப் பிளாஸ்டிக்கா? முதல் வகை காற்றைத் தடுக்கவே தடுக்காது. வடக்கே சிம்லா, மணாலி பக்கம் ஸ்கூட்டருக்கெல்லாம் ரெக்ஸினில் ஒரு கை உறை மாட்டுவார்கள். ஹேண்டில்பாரோடு கட்டிவிட்டுக் கையை உள்ளே நுழைத்துக்கொள்ள வேண்டும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் வயரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்.

தலைக்குந்தா_பனி

அகலப் பிளாஸ்டிக்தான் அண்ணா. மேலே நீட்சியும் போட்டாச்சு. புறங்கையில் காற்று அடிப்பது குறைந்தது உண்மை. பிரச்சினை உள்ளங்கைப் பக்கம். கிரிப், லீவர் இரண்டும் ராத்திரி முழுக்கப் பனியில் நின்றவை. பிடித்த அரை நிமிடத்தில் கையின் சூட்டை அவை உறிஞ்சிவிடுகின்றன.

ரெக்ஸின் உறை போட்டுப் பார்த்தேன். இன்டிகேட்டர் சுவிட்சைத் தடவித் தேட வேண்டியிருக்கிறது. வளைவில் அவசரமாகக் கையை வெளியே எடுக்க முடியாதோ என்ற பயம் வேறு. எனக்குச் சரிப்படவில்லை.

ஈஸ்ட்ஹாம்_அண்ணை

தம்பி, நான் லண்டனில் இருக்கிறேன். வருசம் முழுக்க மோட்டார்சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வாறது. கனடாவில் இருக்கிற சொந்தக்காரர் பனி விழத் தொடங்கினதும் வண்டியை மூடி வைத்துவிடுவினம். இங்கே அப்படி இல்லை, ஜனவரியிலும் ஓட்டத்தான் வேணும். அதனால் ஹீட்டட் கிரிப் இங்கே ஆடம்பரம் இல்லை, ஹெல்மெட் மாதிரி வழக்கமான சாமான்.

இரண்டு வகை இருக்கு. ஒன்று, முழு கிரிப்பையே மாற்றுகிறது. சூடாகும் கம்பி ரப்பருக்குள்ளேயே இருக்கும். ஆக்ஸ்ஃபோர்ட் என்ற ஆங்கிலேய நிறுவனத்தின்ட சாமான்தான் இங்கே அதிகம், அதில் ஐந்து நிலைகள். தைவான்காரரின் கோசோவில் பட்டன் கிரிப்பிலேயே இருக்கும், தனிக் கன்ட்ரோலர் மாட்ட இடம் தேட வேண்டாம். மற்றது, இருக்கிற கிரிப்புக்கு அடியில் ஒட்டுகிற மெல்லிய ஃபிலிம். மலிவு, ஆனால் அநேகமாக ஹை, லோ என்று இரண்டே நிலைதான்.

உமக்கு நிலைகள் கூடினதுதான் வேணும். ஊட்டி 2,200 மீற்றருக்கு மேலே, கூடலூர் அதில் பாதி உயரம் என்று நினைக்கிறேன். ஒரே பயணத்தில் உறைபனியிலிருந்து ஸ்வெட்டர் கழற்றுகிற சூட்டுக்கு இறங்குகிறீர். ஹை, லோ மட்டும் இருந்தால் பாதி வழியில் உள்ளங்கை வேர்க்கும். வேர்த்த கை பிறகு காற்றில் இன்னும் மோசமாகக் குளிரும்.

இன்னொன்று, உள்ளங்கைப் பக்கம் தடிப்பான கையுறை போட்டால் கிரிப்பின் சூடு கைக்கு வராது. புறங்கைப் பக்கம் காற்றுப் புகாமலும் உள்ளங்கைப் பக்கம் மெல்லிசாகவும் இருக்கிற கையுறை பாரும். உள்ளே கம்பளிக்குப் பதில் பட்டுத்துணி உள்ளுறை வடிவாக வேலை செய்யும்.

கோவை_வயர்மேன்

இழையைத் தாமதமாகத்தான் பார்த்தேன். வாகன எலக்ட்ரிக்கல் வேலைதான் எனக்குத் தொழில். "தாங்குமா" என்ற கேள்வியை ஆளாளுக்கு ஊகிக்க வேண்டாம், கணக்குப் போட்டுவிடலாம்.

கிட்டின் மேல் 40 வாட் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 12 வோல்ட்டுக்கான கணக்கு, ஆம்பியர் 3.3 வரும். ஆனால் வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் கொடுப்பது 14 வோல்ட் பக்கம். ரெசிஸ்டன்ஸ் மாறாது, அதனால் வாட் வோல்ட்டின் இருமடிக்கு ஏறும். 14 வோல்ட்டில் அதே கிரிப் 54 வாட் இழுக்கும், ஏறக்குறைய 4 ஆம்பியர். பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து ஃபியூஸ் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். கன்ட்ரோலரைக் குறைத்து வைத்தால் இழுப்பும் அதே விகிதத்தில் குறையும், ஏனென்றால் நல்ல கன்ட்ரோலர் மின்சாரத்தை விட்டு விட்டுத்தான் அனுப்புகிறது, எரித்து வீணாக்குவதில்லை.

இப்போது வண்டிப் பக்கம். 411-இல் இருப்பது 12 வோல்ட், 8 ஆம்பியர் அவர் பேட்டரி. ஹெட்லைட் 60/55 வாட் ஹாலஜன். 2017 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் இருசக்கர வாகனங்களுக்கு ஹெட்லைட் தானாக எரிவது கட்டாயம், ஆகவே பகலிலும் அந்த 55 வாட்டை அணைக்க வழியில்லை. அதோடு ஃபியூயல் பம்ப், இன்ஜெக்டர், இக்னிஷன். நீங்கள் ஃபாக் லைட் வேறு சேர்த்திருக்கிறீர்கள். ஓடும்போது ஸ்டேட்டர், அதாவது இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் தருகிற பாகம், இதையெல்லாம் சமாளிக்கும். கேள்வி ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போதுதான். ஆர்பிஎம் இறங்கினால் ஸ்டேட்டர் தருவதும் இறங்கும், பற்றாக்குறையைப் பேட்டரி கொடுக்கும்.

ஒரு மல்டிமீட்டர் எடுங்கள். நாள் பூராவும் நின்ற வண்டியில், இன்ஜின் ஆஃபில், பேட்டரி முனையில் 12.6-க்கு மேல் இருக்க வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்து, ஃபாக் லைட் போட்டு, ஐடிலிங்கிலும் 3,000 ஆர்பிஎம்மிலும் பாருங்கள். இரண்டு எண்களையும் இங்கே போடுங்கள், மேலே பேசுவோம்.

பழைய_புல்லட்

இவ்வளவு கணக்கு எதற்கு சார்? பேட்டரி பிளஸ்ஸிலிருந்து நேராக ஒரு வயர், நடுவில் ஒரு சுவிட்ச், முடிந்தது. முப்பது வருஷமாக ஹாரன், லைட் எல்லாம் இப்படித்தான் போடுகிறோம்.

கோவை_வயர்மேன்

ஐயா, கிக்கர் இருக்கிற வண்டியில் அது நடக்கும். 411-க்குக் கிக்கர் கிடையாது. சுவிட்சை அணைக்க மறந்து டீக்கடையில் உட்கார்ந்தால் 8 ஆம்பியர் அவர் பேட்டரியிலிருந்து 3.3 ஆம்பியர் போய்க்கொண்டே இருக்கும். குளிரில் பேட்டரி ஏற்கெனவே சோம்பலாக இருக்கும், இன்ஜின் ஆயில் கெட்டியாக இருக்கும். அரை மணி நேரம் போதும், செல்ஃப் இழுப்பது சந்தேகம். தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்றாலும் பம்ப் ஓட, ஈசியூ (இன்ஜினின் கணினி) விழிக்கக் கொஞ்சமாவது வோல்ட் மிச்சம் வேண்டும்.

தலைக்குந்தா_பனி

அளந்துவிட்டேன். ஆஃபில் 12.7. ஃபாக் லைட்டோடு ஐடிலிங்கில் 13.3, மூவாயிரத்தில் 14.1.

கோவை_வயர்மேன்

நல்ல எண்கள். கிரிப் போட்ட பிறகு முழுச் சூட்டில் இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஐடிலிங்கில் 12.8-க்குக் கீழே போனால் பேட்டரி இறங்குகிறது என்று அர்த்தம். அப்போதும் பயப்பட ஒன்றுமில்லை. ஊட்டி சேரிங் கிராஸ் நெரிசலில் நிற்கும்போது ஃபாக் லைட்டை அணைத்துவிட்டு, கிரிப்பை ஒரு நிலை குறைத்தால் சரியாகிவிடும். நீங்கள் போவதோ காலியான மலைச்சாலை.

வயரிங்குக்கு வருவோம். நாலு கால் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஒன்று வாங்குங்கள். அதன் அடியில் 30, 85, 86, 87 என்று எண் போட்டிருக்கும்.

30-க்குப் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து வயர். நடுவில் 7.5 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ். அந்த ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், சாண் தூரத்துக்குள். கிரிப் பக்கம் கொண்டுபோய் ஃபியூஸ் வைத்தால், நடுவில் வயர் தேய்ந்து ஃபிரேமில் பட்டால் அந்த ஃபியூஸுக்கு வேலையே இல்லை, வயர்தான் எரியும். கிட்டிலேயே ஃபியூஸ் வந்தால் அதே அளவைப் போடுங்கள்.

87-லிருந்து கிரிப் கன்ட்ரோலரின் பிளஸ்ஸுக்கு. 85 நேராக பேட்டரி மைனஸுக்கு. 86-க்கு இக்னிஷன் ஆன் செய்தால் மட்டும் மின்சாரம் வருகிற ஏதாவது ஒரு வயர், பார்க்கிங் லைட் வயர் நல்ல தேர்வு. ரிலே காயில் இழுப்பது 0.15 ஆம்பியர் அளவுதான், அந்த வயருக்கு அது ஒரு சுமையே இல்லை. சாவியைத் திருப்பி எடுத்தால் கிரிப் தானாகச் செத்துவிடும். மறதிக்கு இடமே இல்லை.

கிரிப்புக்குப் போகிற வயர் 1 ஸ்கொயர் எம்எம்மாவது வேண்டும். கடையில் கொடுக்கிற நூல் மாதிரி வயரில் போட்டால் வோல்ட் வழியிலேயே இறங்கிவிடும், கிரிப்புக்குப் பதில் வயர் சூடாகும்.

கிரிப்பின் மைனஸை ஹேண்டில்பாரில் எங்கேயாவது ஸ்க்ரூவில் கட்டிவிடாதீர்கள். ஸ்டீயரிங் பேரிங் வழியாக எர்த் போகும், ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. பேட்டரி மைனஸுக்கே தனி வயர் இழுங்கள்.

வாரண்டி விஷயம்: வண்டியின் ஹார்னஸை வெட்டாமல், தனி வயர் இழுத்து, பார்க்கிங் லைட் கப்ளரில் மட்டும் ஆண், பெண் கனெக்டரோடு ஒரு சிறு கிளை போட்டால், நாளைக்கு எல்லாவற்றையும் கழற்றி வண்டியைப் பழையபடி ஆக்கிவிடலாம். வயரைக் குத்திப் பிடிக்கிற நீலக் கிளிப் விற்கிறார்களே, அதை மட்டும் வேண்டாம். சிங்கிள் சிலிண்டர் அதிர்வில் அது நாளடைவில் உள்ளிருக்கும் இழைகளை ஒவ்வொன்றாக அறுக்கும்.

லடாக்_போயாச்சு

மின்சாரத்தைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார். ஆனால் ஹீட்டட் கிரிப்பில் உயிர்ப் பிரச்சினை ஆக்ஸிலேட்டர் பக்கம். அதை யாரும் சொல்லவில்லையே?

இடது பக்கம் ஹேண்டில்பாரிலேயே கிரிப் உட்காரும், பார் 22 மில்லிமீட்டர். வலது பக்கம் பாருக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன் மேல்தான் கிரிப். அதனால் கிட்டில் வலது கிரிப்பின் துளை பெரியது. மாற்றி மாட்ட முயன்று கிழித்தவர்கள் உண்டு. அந்தக் குழாயின் மேல் பழைய கிரிப் நழுவாமலிருக்க வரி வரியாக மேடு இருக்கும். ஹீட்டட் கிரிப்பின் உள்பக்கம் கெட்டியாக இருப்பதால் அந்த மேட்டின் மேல் ஏறாது. அரம் வைத்து மேட்டை மட்டும் சமமாக்க வேண்டும். குழாயையே மெலிதாக்கிவிட்டால் ஒருநாள் வெடிக்கும்.

அடுத்தது வலது கிரிப்பின் வயர். இது கிரிப்போடு சேர்ந்து சுழலும். ஒட்டுவதற்கு முன்னால் சும்மா மாட்டிப் பாருங்கள். ஆக்ஸிலேட்டர் மூடிய நிலையில் வயர் எந்தத் திசையில் வெளியே வருகிறது, முழுக்கத் திருகும்போது எங்கே போய் முட்டுகிறது என்று கவனியுங்கள். பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் கிரிப் திரும்பி வராது. வளைவில் ஆக்ஸிலேட்டர் மூடாமல் நின்றால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. வயருக்கு ஒரு தாராளமான வளையம் விட்டு, ஹேண்டில்பாரை முழு இடது, முழு வலது திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் கிரிப்பைத் திருகி விட்டுப் பாருங்கள். "டக்" என்று தானாக மூட வேண்டும். கிரிப்பின் உள் விளிம்புக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் இடையே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி, அதே மாதிரி பார் முனை வெயிட் பக்கமும்.

கோத்தகிரி_ரைடர்

இதைத்தான் எதிர்பார்த்தேன். கடைக்காரர்கள் சூட்டைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்கள்.

வயர் கனெக்‌ஷனை சால்டர் (ஈயம் வைத்து ஒட்டுவது) செய்வதா, கிரிம்ப் (உலோக முனையை நசுக்கிப் பிடிப்பது) செய்வதா? என் மெக்கானிக் சால்டர்தான் நிரந்தரம் என்கிறார்.

கோவை_வயர்மேன்

வீட்டு ரேடியோவுக்கு சால்டர். அதிர்கிற வண்டிக்கு கிரிம்ப். ஈயம் வயருக்குள் ஊறி, ஊறிய இடம் வரைக்கும் கம்பி மாதிரி விறைத்துவிடும். அதிர்வு அந்த விறைப்பு முடிகிற இடத்தில் போய் வயரை ஒடிக்கும்.

பழைய_புல்லட்

நான் சால்டர் செய்த இண்டிகேட்டர் வயர் இன்னும் ஓடுகிறது.

கோவை_வயர்மேன்

இரண்டு பக்கமும் கட்டி, ஸ்லீவ் போட்டு, வயர் ஆடாமல் செய்திருப்பீர்கள் ஐயா. அப்படிச் செய்தால் சால்டரும் நிற்கும். எல்லாரும் உங்கள் பொறுமையோடு செய்வதில்லை.

ஈஸ்ட்ஹாம்_அண்ணை

கிரிம்ப்போ சால்டரோ, தண்ணி போகாமல் பாருங்கோ. இங்கே குளிர்காலத்தில் றோட்டில் உப்புத் தூவுவினம். அது கனெக்டருக்குள்ளே போய்ப் பச்சை பிடித்துவிடும். ஊட்டியில் உப்பு இல்லை, ஆனால் மழையும் மூடுபனியும் தாராளம். கனெக்டரை மாட்ட முதல் உள்ளே கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ் வையுங்கோ, வெளியில் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கிற குழாய்) போடுங்கோ.

தலைக்குந்தா_பனி

போட்டாச்சு. ஐந்து நிலைக் கிட். கோவையில் உறவினர் வீட்டு ஷெட்டில், சூடான மத்தியானத்தில் வேலை செய்தோம். ஊட்டிக் குளிரில் பசை எப்படிப் பிடிக்கும் என்ற சந்தேகம் இருந்தது.

ஒட்டுவதற்கு முன்னாலேயே கிட்டைத் தரையில் பரப்பி, நேராக பேட்டரியில் கொடுத்து இரண்டு கிரிப்பும் சூடாகின்றனவா என்று பார்த்துவிட்டோம். ஒட்டிய பிறகு பழுது என்று தெரிந்தால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும், கடையிலும் திரும்ப வாங்க மாட்டார்கள்.

பழைய இடது கிரிப்பின் விளிம்பைத் தூக்கி, கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட்டதும் உப்பி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. வலது பக்கம் காற்றுக்கு மசியவில்லை. கத்தியால் நீளவாக்கில் கீறினோம். முழு ஆழத்துக்கு அழுத்தாமல் முக்கால் ஆழம் கீறிவிட்டு, மிச்சத்தைக் கையால் பிய்த்தோம், இல்லாவிட்டால் அடியில் இருக்கும் குழாயில் கோடு விழும். குழாயின் வரிகள் லடாக் அண்ணன் சொன்ன மாதிரியேதான். அரம் போடும்போது கறுப்புத் தூள் கேபிள் பக்கம் போகாமலிருக்கக் குழாயை முழுசாகக் கழற்றிவிட்டுச் செய்தோம். தேய்க்கத் தேய்க்கச் சும்மா மாட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தோம். கொஞ்சம் இறுக்கமாக, ஆனால் கையால் தள்ளினால் போகிற அளவுக்கு வந்ததும் நிறுத்திவிட்டோம்.

பசைதான் பதற்றம். கிட்டில் வருவது சூப்பர் க்ளூ வகை. வெயிலில் அது நமக்காகக் காத்திருக்காது. கிரிப் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே டேப்பில் ஒரு கோடு, சுவிட்ச் பெட்டியில் ஒரு கோடு. ஸ்பிரிட் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பசையை வளையமாகத் தடவி, ஒரே தள்ளு. பாதியில் நின்று யோசித்தால் பாதியிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அசைக்காமல் விட்டு, வலது பக்கம் திருகித் திருகிப் பார்த்தோம். "டக்".

வயரை கிளட்ச் கேபிள் போகும் வழியிலேயே கொண்டுபோய், ஸ்டீயரிங் கழுத்தில் ஒரு வளையம் விட்டு, ஜிப் டையை இறுக்காமல் கட்டியிருக்கிறோம். ரிலே சீட்டுக்கு அடியில். அளவு: முழுச் சூடு, ஃபாக் லைட், ஐடிலிங் – 12.7. ஃபாக் லைட்டை அணைத்தால் 13.1.

கோவை_வயர்மேன்

சொன்ன மாதிரிதான் வந்திருக்கிறது. நின்றால் ஃபாக் லைட் வேண்டாம். ஃபாக் லைட்டோடு ஓடும்போது 13.5-க்கு மேல் இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மூணார்_பல்சர்

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். நான் ஆன்லைனில் வந்த ஃபிலிம் வகைதான் போட்டேன், ஜோடி 40 வாட் என்று போட்டிருந்தது. எஸ்டேட் ரோட்டில் காலை ஐந்து மணிக்குப் போனால் சூடு வருகிற மாதிரியும் இருக்கிறது, வராத மாதிரியும் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு. ஹை போட்டாலும் லோ போட்டாலும் வித்தியாசமில்லை. பேட்டரி நன்றாக இருக்கிறது. ஃபிலிம் டுபாக்கூரா?

கோவை_வயர்மேன்

"இரண்டு பக்கமும் ஒரே மாதிரி" என்றதிலேயே விடை இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஆறியிருந்தால் வயர் அறுந்தது என்று சொல்வேன். மல்டிமீட்டரை ஹை நிலையில் ஒரே ஒரு கிரிப்பின் இரண்டு வயருக்கும் குறுக்கே வைத்து எவ்வளவு வோல்ட் என்று சொல்லுங்கள்.

மூணார்_பல்சர்

6.2 வோல்ட். இன்னொரு பக்கமும் 6.2.

கோவை_வயர்மேன்

இரண்டும் சீரீஸில் இருக்கின்றன. மின்சாரம் முதலில் ஒரு கிரிப் வழியாகப் போய், பிறகுதான் மற்றொன்றுக்குப் போகிறது. ஆளுக்குப் பாதி வோல்ட். வோல்ட் பாதியானால் வாட் கால்வாசி. ஒவ்வொன்றும் 20 வாட் தர வேண்டிய இடத்தில் 5 வாட்தான் தருகிறது, அதுதான் அந்த வெதுவெதுப்பு.

பழைய பாணி ஹை, லோ கிட் சிலவற்றில் லோவுக்கு வேண்டுமென்றே சீரீஸ், ஹைக்குப் பேரலல் (ஒவ்வொன்றுக்கும் முழு வோல்ட்) என்று சுவிட்ச்சே மாற்றிக் கொடுக்கும். உங்களுடைய சுவிட்சில் ஹை பக்கம் போக வேண்டிய வயர் இடம் மாறியிருக்கிறது. அந்தக் கிட்டுகளில் வயர் நிறத்துக்கு ஒரு ஒழுங்கும் கிடையாது, காகிதத்தில் சிவப்பு என்றிருக்கும், கையில் மஞ்சள் வரும். நிறத்தை நம்பாமல் மீட்டரை ஓம்ஸில் வைத்து ஒவ்வொரு ஜோடியையும் தேடுங்கள். தனி ஃபிலிம் 7 ஓம்ஸ் பக்கம் காட்டும், இரண்டும் சீரீஸில் 14 காட்டும், பேரலலில் மூன்றரை காட்டும். மூன்றரை வருகிற நிலைதான் உங்கள் ஹை.

மூணார்_பல்சர்

சுவிட்சின் பின்னால் இரண்டு வயரை மாற்றினேன். இப்போது ஹையில் கையுறை இல்லாமல் பிடிக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. இடது பக்கம் மட்டும் கொஞ்சம் குறைவு. இதுவும் வயரிங்கா?

லடாக்_போயாச்சு

இல்லை, அது இயல்பு. வலது பக்கம் பிளாஸ்டிக் குழாய் சூட்டை வெளியே விடாது. இடது பக்கம் கிரிப்புக்கு அடியில் இரும்பு ஹேண்டில்பார், பாதிச் சூட்டை அது தின்றுவிடும். நல்ல கிட்களில் இடது பக்கத்துக்குக் கொஞ்சம் அதிக வாட் கொடுத்து இதைச் சரிக்கட்டுவார்கள். ஃபிலிம் வகையில் இடது பக்கம் ஃபிலிமுக்கு அடியில் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஒரு சுற்று போட்டால் ஓரளவு சமமாகும், கிரிப் அதன் மேல் ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி_ரைடர்

ஒரு எச்சரிக்கை. சர்க்கரை நோயால் கையில் உணர்ச்சி குறைந்தவர்கள் இதை முழுச் சூட்டில் வைத்து ஓட்டக் கூடாது. சுடுவது தெரியாமலேயே கொப்புளம் வரலாம். என் அப்பாவின் ஸ்கூட்டருக்கு இதனாலேயே போடவில்லை.

சென்னை_வெயில்

என்னிடம் 390 அட்வென்ச்சர் இருக்கிறது. டிசம்பரில் ஊட்டி வருகிறேன். எனக்கும் இதே ரிலேதானா?

கோவை_வயர்மேன்

கேடிஎம்மில் வேலை சுலபம். முன்பக்கம் ஏசிசி1, ஏசிசி2 என்று இரண்டு துணைக் கனெக்டர்கள் விட்டிருப்பார்கள். ஏசிசி2 இக்னிஷனோடு வருவது, ஃபியூஸும் அதற்கு இருக்கும். மீட்டரில் சரிபார்த்துவிட்டு அதிலேயே மாட்டலாம். ஆனால் உங்கள் வண்டி ரைட் பை வயர் (ஆக்ஸிலேட்டர் திருகலை சென்சார் வழியாக இன்ஜினுக்குச் சொல்வது), ஆக்ஸிலேட்டர் குழாயைக் கழற்றி அரம் போடுவதற்கு முன் அது எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று மேனுவலைப் பாருங்கள். சென்சாரோடு விளையாட வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை ஊட்டி வருவதற்காகவா? நல்ல கையுறை ஒன்று வாங்குங்கள், செலவும் குறைவு.

ஸ்ப்ளெண்டர்_மாமா

நான் குன்னூரில் பால் ஊற்றுகிறேன். ஸ்ப்ளெண்டர். போடலாமா?

கோவை_வயர்மேன்

வேண்டாம் மாமா. அந்தச் சின்ன பேட்டரிக்கும் ஸ்டேட்டருக்கும் 40 வாட் அதிகம். நீங்கள் வீட்டுக்கு வீடு நின்று நின்று போகிறவர், பேட்டரி ஏறவே நேரமிருக்காது. கோத்தகிரிக்காரர் சொன்ன ரெக்ஸின் உறை உங்களுக்குத்தான் சரி. அடிக்கடி இறங்கி ஏறுகிறவர் என்பதால் வாய் அகலமாக இருக்கிற மாதிரி தைக்கச் சொல்லுங்கள். உறை பிரேக் லீவரை அழுத்திக்கொண்டு நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், சில உறைகள் பிரேக் லைட்டை எரியவிட்டே வைத்திருக்கும்.

தலைக்குந்தா_பனி

நேற்று காலை உறைபனியில் போய் வந்தேன். ஸ்டார்ட் செய்து, இன்ஜின் நிதானத்துக்கு வந்த பிறகு முழுச் சூடு. பைக்காரா வரை அதே நிலை. நடுவட்டத்தில் இரண்டு நிலை குறைத்தேன், வளைவுகள் பாதி இறங்கியதும் அணைத்துவிட்டேன். பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறேன் என்பது விரலுக்குத் தெரிகிறது. லீவர் மட்டும் இன்னும் ஐஸ்தான். இரண்டு விரலை எப்போதும் லீவரின் மேலேயே வைத்து ஓட்டுகிறவன் நான், அந்த இரண்டு விரலின் நுனிக்கு இன்னும் குளிர் போகவில்லை. லீவருக்கு ஏதாவது ரப்பர் உறை கிடைக்கிறதா?

ஈஸ்ட்ஹாம்_அண்ணை

கிடைக்கும் தம்பி, நியோப்ரீனில் லீவர் உறை வருகுது. இல்லையென்றால் சைக்கிள் டியூபை அளவாக வெட்டி மாட்டும், நானும் அப்படித்தான். நுனிக் குண்டு வரைக்கும் போகாமல் விரல் படுகிற இடத்துக்கு மட்டும் போடும். லீவரின் ஆட்டத்தை ஒருக்கால் சரிபார்த்துவிட்டு ஓடும்.

தலைக்குந்தா_பனி

சைக்கிள் டியூப் வீட்டிலேயே இருக்கிறது. இன்று சாயங்காலமே வெட்டுகிறேன். 7.5 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு வாங்கி சீட்டுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறேன், ரிலே எண்களைப் படம் வரைந்து அதோடு ஒட்டியாச்சு. அடுத்த முறை சர்வீஸுக்குக் கொடுக்கும்போது அந்தப் படத்தைப் பார்க்காமல் யாரும் வயரைப் பிடுங்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

கோவை_வயர்மேன்

நம்பாதீர்கள். சர்வீஸுக்கு விடுவதற்கு முன்னால் ஃபியூஸை நீங்களே கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.